சித்தப்பா, இந்தத் தேர்தலில் நான் பூத்தில் உட்காரப் போவதில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நம் கட்சி வேட்பாளர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள். அவருக்காக வாக்குச்சாவடியில் உட்காரும் பூத் ஏஜென்ட் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்நேரம் செய்தி உங்கள் காதுக்கு வந்திருக்கும். யார் வந்து சொல்லியிருப்பார், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். போனில் நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சித்தி நடுவில் உட்கார்ந்து அழுவார். அதைப் பார்த்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேச மாட்டோம்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவது உங்களை வருத்தும். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட குரல் பதிவும் நாலு பேர் கேட்டதுதானே? "கட்சி சோதனையில இருக்குற நேரத்துல சில பொம்பளைங்க முதுகுல குத்துறாங்க" என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில் சொல்ல முடிகிறது.

புகார் கொடுத்த பெண்ணைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஊர், தெரு, வயது, என்ன வேலைக்காக வேட்பாளரிடம் போனாள் என்பது எதுவும் வராது. நம் ஆட்கள் டீக்கடையில் வைத்துப் பேசியதே அவளுக்குப் போதும். வேட்பாளர் பெயரும் கட்சிப் பெயரும்கூட வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர்கள் படம் பிடித்து மேடையில் வாசிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் பக்கம் இப்படி ஒரு புகார் வந்தபோது அவர்கள் எப்படி வாயை மூடிக்கொண்டார்கள் என்பதும் நம் பகுதிக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "கோர்ட்டே இன்னும் தீர்ப்புச் சொல்லல, நாம யாரு சொல்றதுக்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி தண்டனை பெற்ற பிறகுதான் தேர்தலில் நிற்கும் தகுதி போகும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால், மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் தொடர முடியாது என்று 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தண்டனைக்குப் பிறகுதான். ஆகவே வழக்கு இருக்கிறது என்பதற்காக அவரைத் தேர்தலில் நிற்காதே என்று யாரும் தடுக்க முடியாது. நானும் தடுக்கச் சொல்லவில்லை. தேர்தல் அலுவலர் ஒதுக்குகிற ஏதோ ஒரு சின்னத்தோடு அவர் சுயேச்சையாக நிற்கட்டும். நிற்கிற உரிமை அவருடையது.

நம் சின்னம் அவருடையது இல்லை, சித்தப்பா. அது நீங்கள் வெள்ளையடித்த சுவர்களில் அப்பா ஏணி பிடிக்க வரைந்த சின்னம். அதை ஒருவர் கையில் கொடுப்பது தீர்ப்பு சொல்வது ஆகாது. இவரை நம்புங்கள், இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று நாம் ஊருக்குச் சொல்கிற வாக்கு அது. சந்தேகத்தின் பலனை ஒருவர் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். வீடு வீடாகப் போய் அவருக்காக நான் கை கூப்ப வேண்டும் என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது.

நேரம் இல்லாமல் போய்விட்டது என்றும் சொல்லாதீர்கள். வேட்பாளர் பட்டியல் வருவதற்கு முன்பே புகார் வந்துவிட்டது, எஃப்ஐஆரும் போட்டாயிற்று. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணி வரைக்கும் கட்சி, சின்னத்துக்காகத் தன் வேட்பாளருக்குக் கொடுக்கும் பி படிவத்தை ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அன்றைக்கு அந்த 3 மணி வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தாண்டிவிட்டது. இனிமேல் கட்சித் தலைமையே மனம் மாறினாலும் இயந்திரத்தில் அவர் பெயரும் அவர் படமும் நம் சின்னமும்தான் இருக்கும்.

எனக்குக் கஜா புயல் ஞாபகம்தான் வருகிறது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், மறந்த மாதிரி நடக்கிறீர்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்துவிட்டுப் போனதே, அதற்கப்புறம் கரண்டு இல்லாமல் கிடந்த நாட்களில் ஓர் இரவு. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத யாரோ ஒரு லாரி தார்ப்பாய் அனுப்பியிருந்தார்கள். ரோட்டில் கிடந்த தென்னை மரங்களை அறுத்து வழி செய்துதான் லாரியைத் தெருவுக்குள் கொண்டுவந்தோம். கூரை போன வீடுகளின் பட்டியலை நீங்கள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். நம் வீடு கடைசி. ஏன் என்று சித்தி கேட்டதற்கு நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறக்கி எண்ணிப் பார்த்தால் கட்டுகள் குறைந்தன. இறக்கும் பொறுப்பு நம் கட்சிக்காரரிடம்தான் இருந்தது. கிளையில் உங்களுக்கு அடுத்த ஆள், உங்கள் கூட்டாளி.

யாரும் எதுவும் சொல்லும் முன் நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நோட்டோடு பின்னாலேயே வந்தேன். சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நனைந்த வைக்கோலை நீங்கள் காலால் தள்ள, அடியில் நீலநிறக் கட்டுகள். கூட வந்த பெரியவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உள்ளுக்குள்ள பேசித் தீத்துக்கலாம், வெளிய தெரிஞ்சா கட்சிப் பேரு என்னாவும்? ராத்திரியோட எடுத்துட்டுப் போயிரலாம்" என்றார்கள். "இருட்டுல எடுத்துட்டுப் போனா நாமளும் கூடச் சேந்து திருடுனதா ஆயிரும்" என்றீர்கள். விடியும் வரைக்கும் அந்தக் கொட்டகை வாசலிலேயே குந்தியிருந்தீர்கள். வெளுத்ததும் ஊரைக் கூப்பிட்டு, அவர் வாசலிலிருந்தே ஒவ்வொரு பெயராக என்னைப் படிக்கச் சொல்லித் தார்ப்பாய்களைக் கொடுத்தீர்கள். நிவாரணக் குழுவிலிருந்து அவர் பெயரை என் பேனாவை வாங்கி நீங்களே அடித்தீர்கள். கடைசியில் ஒரு தார்ப்பாயை அவர் மனைவியிடம் கொடுத்து, "ஒங்க வீட்டு ஓடுந்தான பறந்துருக்கு" என்றீர்கள். அந்த மனிதர் அப்போதுதான் உடைந்து அழுதார். பின்னாளில் தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தபோது, அவருடைய விழுந்த மரங்களை ஒன்று விடாமல் எண்ணி எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். அவரை நீங்கள் கைவிடவில்லை, பதவியில் மட்டும் வைத்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் நான் கட்சியில் சேர்ந்தேன் என்று நினைத்துக்கொள்வேன். அட்டை அப்புறம் வந்தது. 2019 டிசம்பரில் ஒன்றிய கவுன்சிலருக்கு நின்றபோது ஒவ்வொரு தெருவிலும் அந்த விடியற்காலையை நினைத்துக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டேன்.

அது கண்ணால் பார்த்தது, இது காதால் கேட்டது என்பீர்கள். பார்ப்பதற்கு அன்றைக்கு நீங்கள் போனீர்கள், சித்தப்பா. இந்தப் பெண் வீட்டுக்கு யார் போனது? போனவர்கள் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் போனது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

புகார் பொய்யாக இருந்தால்? நானும் இதைப் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்காமல் இல்லை. பொய் என்றால் ஐந்து வருஷம் காத்திருக்கச் சொல்லி அவருக்கு நாம் அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கு முடிந்து வந்தால் அவருக்கு இன்னொரு தேர்தல் இருக்கிறது. இப்போது அவரை மேடை ஏற்றி மாலை போட்டதில், அவள் சொன்னது பொய் என்று கட்சி விசாரிக்காமலே சொல்லிவிட்டது. யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றால் இது என்ன?

நாளிதழில் கட்சி கொடுத்த அந்த விளம்பரத்தைப் படித்தீர்களா? பொடி எழுத்தில் உள்பக்கத்தில் வந்தது. 2020 பிப்ரவரி 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் வந்த விளம்பரம் அது. வழக்கு இருக்கிற ஒருவரை நிறுத்தினால் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சி ஊருக்குச் சொல்ல வேண்டும். ஜெயிப்பார் என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகச் செய்யாத கட்சிகளுக்கு 2021-இல் அதே நீதிமன்றம் 1 லட்சம், 5 லட்சம் ரூபாய் என்று அபராதமும் போட்டது. நம் கட்சி விளம்பரம் கொடுத்தது, நல்லது. அதில் எழுதியிருந்த காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் மீதான வழக்கு அரசியல் உள்நோக்கம் கொண்டதாம். விருப்ப மனு கொடுத்தவர்களில் அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லையாம்.

விருப்ப மனு கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். சித்தியின் வளையலை அடகு வைத்துத்தான் அந்த மனுவுக்குப் பணம் கட்டினீர்கள். சுவரில் பெயின்ட் அடித்ததிலிருந்து இத்தனை காலம் உழைத்த உங்களைத் தகுதியில்லாதவர் என்று அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆளுக்காக நீங்கள் என்னைத் துரோகி என்கிறீர்கள். எனக்கு உங்கள் மீது கோபமா, உங்களுக்காகக் கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

பணப் பட்டுவாடாவுக்காகத் தஞ்சாவூர்த் தொகுதியின் தேர்தலையே 2016-இல் ஆணையம் ரத்து செய்தது. மறுபடி அறிவித்து நவம்பர் 19-ஆம் தேதி நடத்தியபோது பெரிய கட்சிகள் இரண்டும் அதே வேட்பாளர்களைத்தான் நிறுத்தின. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஒரு தொகுதிக்கு வேற ஆளே இல்லாமலா போச்சு?" என்று கேட்டீர்கள். அதே கேள்வியை இன்றைக்கு உங்களிடம் நான் கேட்டால் கட்சி விரோதம் ஆகிவிடுகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வர இவர் வேண்டும் என்கிறீர்கள். வாய்க்கால் தூர்வார, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்பும்போது அதிகாரியிடம் பேச, செல்வாக்குள்ள ஆள் வேண்டும் என்கிறீர்கள். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாததா? ரோட்டில் நெல்லைக் காய வைத்துக்கொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தவள்தானே நானும். ஆனால் எம்எல்ஏவிடம் போகிற மனுவில் பாதி பெண்கள் கையில்தான் போகிறது. விதவை பென்ஷன், பட்டா, குழுக் கடன். என் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்த பிறகும் அவர்கள் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். அவர் ஜெயித்தால் அவர் அலுவலகத்துக்குப் போ என்று எந்த முகத்தோடு நான் சொல்வேன்? தனியாகப் போகாதே, அண்ணனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போ என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி ஒருவர் எங்களுக்கு எதற்குப் பிரதிநிதி?

இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில்கூட, வேலையிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரைக் கேட்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். கட்சியில் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்பதால் அந்தச் சட்டம் கட்சிகளைக் கட்டாயப்படுத்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. ஆக, கட்சிக்காரரால் பாதிக்கப்படுகிற பெண்ணுக்குக் கட்சிக்குள் போய்ச் சொல்ல ஒரு கதவு வேண்டுமென்றால் அதை நாமேதான் வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவள் முதலில் அங்கே வந்திருப்பாள். நீங்கள் டார்ச்சோடு போயிருப்பீர்கள்.

நான் கட்சியை விட்டுப் போகவில்லை. அட்டையைத் திருப்பித் தரவும் மாட்டேன். யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்று இங்கே எழுத மாட்டேன், நீங்களும் சித்தியை விட்டுக் கேட்க வேண்டாம். பூத்தில் உங்களைத் தனியாக விடுகிறேன் என்பது மட்டும் உறுத்துகிறது. மூட்டுவலியோடு அந்தப் பள்ளிக்கூட பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வேண்டும், மாத்திரையை மறக்காதீர்கள்.

வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள், வெளியூர் போனவர்கள், திருமணமாகிப் போன பெண்கள் எல்லாரையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பதிலாக உட்காரப் போகிறவரை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கள்ள ஓட்டு யார் பெயரில் விழுந்தாலும் தப்புதான்.

மாவட்டத்தில் பெண்களின் புகாரைக் கேட்க ஒரு குழு அமைக்கச் சொல்லித் தலைமைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். மகளிரணியில் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யார் யார் என்று தேர்தல் முடிகிற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஒன்றிய நிர்வாகிகள் வரிசையில் முதல் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்கிறேன். அதற்குள் வருவதென்றால் வாருங்கள், வராவிட்டால் அப்படியே அனுப்பிவிடுவேன்.