பள்ளி உளவியலாளருக்கு எது படிப்பு?

ஆசிரியருக்கு,

என் மகள் எம்.ஏ. உளவியல் முடித்துவிட்டாள். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கமுள்ள பள்ளிகளில் உளவியலாளராக வேலை பார்க்க ஆசை. அடுத்து என்ன படிப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில்.

மருத்துவ உளவியலாளர் என்றால் குழப்பமில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்கு? சில வார ஆன்லைன் சான்றிதழ் வைத்திருப்பவரும் 'கவுன்சிலர்' (மனநல ஆலோசகர்)தான், வருஷக்கணக்கில் படித்தவரும் 'கவுன்சிலர்'தான். ஆட்டோ ஓட்டவே லைசென்ஸ் கேட்கிற ஊர் இது!

அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராகப் பட்டமேற்படிப்போடு 1,200 மணி நேரக் களப்பயிற்சியும் முடிக்க வேண்டும் என்கிறது அங்குள்ள பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கத்தின் வரையறை. அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியிலேயே. அப்புறம்தான் மாநில உரிமம். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் சான்றிதழ் வாங்குவது என்ன கணக்கு?

பக்கத்து வீட்டுப் பையன், மீனவர் மகன், எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவான். 'சோம்பேறி' என்று மூன்று வருஷம் திட்டு வாங்கினான். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு, என்று பிறகுதான் தெரிந்தது. முறையாகப் பயின்ற ஒருவர் அந்தப் பள்ளியில் இருந்திருந்தால் முதல் வருஷமே சந்தேகப்பட்டிருப்பார்.

சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு பட்டமேற்படிப்பு நடத்தி, திருவொற்றியூர், ராயபுரம் மண்டலங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் களப்பயிற்சி கொடுக்கலாம். சான்றளிக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும்.

– ஒரு தாய், தண்டையார்பேட்டை, சென்னை