சான்றிதழ் வந்துவிட்டது, ஏர் லீக் நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர்களுக்கு நிறுவனங்களே சுற்றுச்சூழலையும் சமூகப் பொறுப்பையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருப்பதைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி வகுப்புகளில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்த பராமரிப்புப் பிரிவு ஆள் நான். கட்டுரையில் இல்லாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடத்தில் அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சல் வரும், இன்ன தேதிக்குள் முடிக்கவும் என்று. நாற்பது நிமிஷ வீடியோ. பூமி உருண்டை சுற்றும், இலை துளிர்க்கும், இரண்டு கைகள் ஒரு செடியை ஏந்திக்கொண்டிருக்கும். ஐ.நா. 2015-ல் அறிவித்த 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளும் கலர் கலர் சதுரமாக வந்து போகும். வேகமாக ஓட்ட முடியாது என்பதால் எல்லோரும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு மூலையில் ஓடவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்போம். கடைசியில் பத்துக் கேள்வி, எட்டு சரியாக இருந்தால் பாஸ், தவறினால் திரும்பவும் அதே பத்துக் கேள்வி. எங்கள் பிரிவில் முதலில் முடிக்கும் பையன் விடைகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவான், ஒன்று ஆ, இரண்டு ஈ, மூன்று அ என்று. நானும் அப்படித்தான் பாஸ் ஆனேன், ஒளிக்க என்ன இருக்கிறது? வருஷக் கடைசியில் அறிக்கையில் நூறு சதவீத ஊழியர்களும் பயிற்சி பெற்றார்கள் என்று அச்சாகிறது. அது பொய்யும் இல்லை.

அந்த வீடியோ ஓடிய அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. விடுமுறை நாள், இயந்திரம் எல்லாம் நின்றிருந்தது, பழுது பார்க்க நானும் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் ஒருவனும் மட்டும் வந்திருந்தோம். உற்பத்தி நடக்கும்போது கேட்காத ஒரு சத்தம் அன்றைக்குக் கேட்கும். ஸ்ஸ்ஸ் என்று, கூடம் முழுக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும். காற்றழுத்தக் குழாய்களில் லீக். எந்த இயந்திரமும் ஓடவில்லை, யாருக்கும் காற்று தேவையில்லை, ஆனாலும் காற்றை அழுத்திக் குழாய்களுக்கு அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக ஓடி ஓடி நின்றுகொண்டிருந்தது. பையனிடம் ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் ஒரு கட்டு மஞ்சள் அட்டையும் கொடுத்தேன். கப்ளிங், ஹோஸ், வால்வு என்று ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார், குமிழி வந்தால் அட்டையைக் கட்டு என்றேன். மதியத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட இடத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. ஒழுங்காகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படியே ஒழுகிப் போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் காற்றை அழுத்தச் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வெப்பமாகப் போய்விடுகிறது, மிச்சம் இருப்பதையும் ஓட்டை வழியாக விட்டுக்கொண்டிருக்கிறோம். பையன் சொன்னான், “அண்ணா, இதுவும் அந்த வீடியோல சொன்னதுதானே?” அதுதான்டா என்றேன். அந்த நாற்பது நிமிஷத்தில் கம்ப்ரசர் என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்தும் பாதி அட்டைகள் அப்படியே தொங்கின. கப்ளிங்கும் வாஷரும் வாங்கக் கேட்டு அனுப்பிய சீட்டு, இது பராமரிப்புச் செலவா மின்சாரச் சேமிப்புத் திட்டமா, எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பையனுக்கு நாங்கள் உண்மையில் சொல்லிக்கொடுத்த பாடம் எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து ஒன்றுதான். இதற்கென்று தனி வகுப்பு வேண்டாம். வேலையைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பிலேயே இது இருக்க வேண்டும், அப்புறம் கற்றவன் கையில் அதைச் செய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு ஒரு தடவை பெரிய படத்தைக் காட்டத்தான் வேண்டும் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். சரி, ஒரு தடவை காட்டுங்கள். வருஷா வருஷம் அதே உருண்டை எதற்கு?

இந்தப் பயிற்சிக்கு வைத்திருக்கும் ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்ற பெயரே ஒரு தடங்கல் என்று சில சமயம் தோன்றும். ஒருவர் நிலைத்தன்மை என்கிறார், இன்னொருவர் பேண்தகைமை என்கிறார், வளங்குன்றா வளர்ச்சி என்றும் எழுதுகிறார்கள். நார்வேக்காரரான குரோ ஹார்லம் புருண்ட்லாந்து தலைமையில் அமைந்த ஐ.நா. ஆணையம் 1987-ல் சொன்னது, வரும் தலைமுறைகள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் சக்தியைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று. அந்த மூன்று பெயர்களில் வளங்குன்றா என்பதுதான் காதில் பட்டதுமே புரிகிறது. ஆனாலும் ஷிப்டில் நிற்கும் எவரும் இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லி நான் கேட்டதில்லை. “லீக்”, “ஸ்கிராப்”, “சும்மா ஓடுது”. இவைதான் எங்கள் வார்த்தைகள், வகுப்பும் இந்த வார்த்தைகளில் நடந்தால் போதும்.

ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விசிறிகளில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் (வேகத்தை வேகத்தாலேயே இரண்டு தடவை பெருக்கிய கணக்கில்) ஏறி இறங்குகிறது. எலக்ட்ரீஷியன் பயிற்சியில் காற்று வழியை அடைக்கும் தகடான டாம்பரை மூடிக் காற்றைக் குறைப்பதற்கும் மோட்டார் வேகத்தைக் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டரை வைத்து ஒரு தடவை காட்டிவிட்டால் அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். பூமியைக் காப்போம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

மின்சாரத்தையாவது மீட்டரில் காட்டிவிடலாம். சமூகப் பொறுப்பு என்கிற பாதிதான் நிஜமாகவே கஷ்டம், அதனால்தான் அதை எல்லோரும் மரம் நடுவதாகவும் நோட்டுப் புத்தகம் கொடுப்பதாகவும் சுருக்கிவிடுகிறார்கள். எங்கள் கொள்முதல் பிரிவு ஆட்களுக்கு இரண்டு நாள் பேரப் பயிற்சி நடந்தது. விலையை எப்படி இறக்குவது, கெடுவை எப்படி இறுக்குவது, தாமதத்துக்கு அபராதம் எப்படி எழுதுவது. அப்புறம் தனியாக ஒரு மணிநேரம், பொறுப்பான கொள்முதல் என்று. முதல் இரண்டு நாளில் பழக்கிவிட்ட கையை அந்த ஒரு மணிநேரம் என்ன செய்துவிடும்? வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் அளவையோ நிறத்தையோ மாற்றுவோம், ஆனால் சரக்கு வர வேண்டிய தேதியை மட்டும் மாற்ற மாட்டோம். சப்ளையர் என்ன செய்வார்? ராத்திரி முழுக்க ஆட்களை நிறுத்தி வைப்பார், அல்லது நாம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஒரு சின்னப் பட்டறைக்கு வேலையைத் தள்ளிவிடுவார். அங்கே அவசர வழி பூட்டியிருக்கிறதா, தைப்பது எத்தனை வயதுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நடத்தை விதிகள் மட்டும் நம் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

அந்தப் பேர வகுப்பிலேயே ஒரு பயிற்சிக் கணக்கு கொடுங்கள் என்கிறேன். இவ்வளவு சரக்கு, இவ்வளவு இயந்திரம், இத்தனை ஆள், இத்தனை நாள். ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள் (எட்டு மணிநேர வேலை என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை, 1919-ல் வந்தது, புதுசாக யாரும் சலுகை கேட்கவில்லை). கணக்கு இடிக்கிறதென்றால் மிச்ச மணிநேரம் எங்கிருந்து வரும் என்று வகுப்பில் உள்ளவர்களே சொல்லட்டும். அதற்கப்புறமும் கெடுவை மாற்ற மாட்டேன் என்பவர் தெரிந்தேதான் சொல்கிறார் என்றாவது ஆகும்.

தெரிந்தே நடந்ததற்கு வங்கதேசத்தின் ராணா பிளாசாவைவிட வேறு சாட்சி வேண்டாம். 2013 ஏப்ரல் 23-ல் கட்டடத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடிக்கொண்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைக்காரர்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு ஏற்றினார்கள். கட்டடம் விழுந்து 1,100 பேருக்கும் மேல் செத்தார்கள். பலர் உள்ளே போகவே பயந்தார்கள், ஆபத்து என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வர மாட்டேன் என்று சொன்னால் சம்பளமும் வேலையும் என்னாகும் என்பதுதான் பயம். அதற்கப்புறம் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை எழுதி வைத்தார்கள். உண்மையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் எண் உடன்படிக்கையிலேயே, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு விலகி வருபவரைத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. எங்கள் நாற்பது நிமிஷ வீடியோவில் ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று எல்லாம் வருகிறது. நிறுத்தலாம் என்று ஒரு இடத்திலும் வரவில்லை. டொயோட்டா ஆலைகளில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்பதைத் தரக் கட்டுப்பாட்டு வகுப்பில் மட்டும் எங்களுக்குப் பெருமையாகச் சொல்வார்கள். பொருள் கெட்டால் இழுக்கலாம், ஆளுக்கு ஆபத்து என்றால் கயிறு எங்கே?

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் கட்டடத்தில் குப்பை எடுக்கும் அக்கா காண்ட்ராக்ட் ஆள். குப்பையைப் பிரிப்பது எப்படி என்று அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு ஒரு மணிநேர வகுப்பு நடந்தபோது அவர் வெளியே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான் சும்மா கேட்டேன், நீங்கள் ஏன் போகவில்லை என்று. “எங்க பேரு லிஸ்ட்லயே இல்ல சார்” என்றார். “பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு ரெண்டு வெச்சிருக்காங்க, ஆனா ரெண்டையும் கொண்டுபோக வண்டி ஒண்ணுதானே இருக்கு, நான் கீழ போய் திரும்பப் பிரிக்கிறேன்.” எந்த மாடியில் பிரிண்டர் டோனரை சாப்பாட்டு மிச்சத்தோடு போடுகிறார்கள், எந்த மேஜைக்குக் கீழே உடைந்த டியூப்லைட் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வகுப்பு எடுக்க வந்தவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சர்வதேசத் தரத்தை 2015-ல் திருத்தி எழுதியபோது, சொந்த ஊழியர் என்று சொல்லாமல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த விழிப்புணர்வு இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தரத்துக்கான சான்றிதழ் எங்கள் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதைத் தினமும் துடைப்பதும் அந்த அக்காதான்.

(சான்றிதழ் பேச்சு வந்ததால் ஒரு இடைச்செருகல். சமூகப் பொறுப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26000, 2010-ல் வந்தது, வெறும் வழிகாட்டி மட்டுமே. அதற்குச் சான்றிதழே கிடையாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.)

இத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று எண்ணுவதை எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-லேயே பயிற்சியை நான்கு படியாக அளக்கச் சொல்லிவிட்டார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாறினாரா, அதனால் என்ன விளைந்தது. பயிற்சித் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் இதைப் படித்துத்தான் வருகிறார்கள். வகுப்பு முடிந்ததும் சிரித்த முகமா வாடிய முகமா என்று டிக் அடிக்கச் சொல்லிவிட்டு முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அளக்கத் தெரிந்தது ஒன்று இருக்கிறது: விடுமுறை நாளில் கம்ப்ரசர் ஒரு மணிநேரத்தில் எத்தனை தடவை ஓடுகிறது என்பது. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது, போதுமான அளவு இல்லை. வாஷர்களில் பாதியைப் பையன் பழைய ஸ்கிராப்பிலிருந்து தேடி எடுத்துப் போட்டான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுச்சூழல் பயிற்சியில் முன்மாதிரி என்று ஏதாவது நிறுவனத்துக்கு விருது கிடைத்ததாகச் செய்தி வந்தால், படம் எடுக்கப் போகும் உங்கள் நிருபரை ராத்திரி ஷிப்டுக்குக் குப்பை எடுக்க வருபவரிடமும் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் பெயர் லிஸ்டில் இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் ஒரு வாசகர்