நேரம் பார்ப்பதும் பேச்சுப் பயிற்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடைக் கூச்சம் பற்றிச் சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பக்கத்தில் இருக்கும் பேச்சு மன்றம் ஒன்றில் சேரச் சொல்லி முடிந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் மன்றத்துக்கு 4 பேர் வந்தார்கள். மனதார நன்றி. வந்த நால்வரும் கேட்டது ஒரே கேள்வி: "நான் எப்போது பேசலாம்?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாய்ப்பை யார் உண்டாக்கித் தருகிறார்கள் என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். மூன்று வருடமாகச் செயலாளராக இருக்கிறேன், அதனால் இதை எழுதுகிறேன்.

ஒரு மாலையில் 3 பேர் பேச வேண்டுமானால் பின்னால் 9 பேர் வேலை செய்ய வேண்டும். கூட்டத்தை நடத்த ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், மொழிப் பிழைகளைக் குறித்துக்கொள்ள ஒருவர், "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா" என்று எத்தனை முறை வருகிறது என எண்ண ஒருவர். ஒவ்வொரு பேச்சையும் மதிப்பிட ஆளுக்கு ஒருவர். உடனடிப் பேச்சுக்குத் தலைப்பு கொடுக்க ஒருவர், மொத்தக் கூட்டத்தையும் அலச ஒருவர். நாற்காலி போடுவதையும் சாவி வாங்கி வருவதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

போன வருடம் ஒரு கூட்டத்துக்கு, நேரம் பார்க்க ஒப்புக்கொண்டவர் வரவில்லை. வர முடியாது என்று சொல்லவும் இல்லை. நான் கூட்டத்தையும் நடத்திக்கொண்டு, வராத இன்னொருவருக்காக மதிப்பீட்டுக் குறிப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். சரி, இன்று ஒருநாள்தானே, சமாளித்துவிடலாம் என்று விட்டுவிட்டோம். 7 நிமிடத்தில் முடிக்க வேண்டியவர் 22 நிமிடம் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேடையில் நிற்பவருக்கு நேரம் ஓடுவது தெரியாது. அதற்காகத்தான் 5 நிமிடத்தில் பச்சை அட்டை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு என்று வைத்திருக்கிறோம். அன்று அந்த மூன்று அட்டைகளும் மேசை டிராயரிலேயே கிடந்தன.

மூன்றாவதாகப் பேச இருந்தது ஓர் இளம்பெண். அவருக்கு அதுதான் முதல் பேச்சு. சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். திரும்பத் திரும்பப் புரட்டியதில் அவற்றின் ஓரமெல்லாம் நைந்திருந்தது. அரங்கைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. "அடுத்த கூட்டத்தில் நீங்கதாம்மா முதலில்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். அப்புறமும் வரவில்லை. அந்த ரப்பர் பேண்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எங்களைப் போன்ற மன்றங்களுக்கு முன்னோடி, 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ். அந்த முறையில் சம்பளம் வாங்கும் வாத்தியார் கிடையாது. ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிட்டுத்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். தன் பேச்சை முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுபவர், இன்னொருவருக்கு வாத்தியாராக இருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து போகிறார். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொல்கிறேன்.

"நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறேன், இங்கேயும் வேலையா?" என்று ஓர் உறுப்பினர் என்னிடம் கேட்டார். அவர் களைப்பு பொய்யில்லை. ஆனால் இவற்றை எடுபிடி வேலை என்று நினைப்பதுதான் தப்பு. மதிப்பீட்டாளராக நின்று பாருங்கள். ஒருவர் பேசியதை அப்போதுதான் கேட்டிருப்பீர்கள். 3 நிமிடத்துக்குள், நன்றாக இருந்ததையும் மாற்ற வேண்டியதையும் அவர் மனம் நோகாமல் அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். எழுதி வைத்து ஒப்பிக்க முடியாது. என்னைக் கேட்டால், தயாரித்துக்கொண்டு வந்து பேசுவதைவிட இதுதான் கடினமான பேச்சு, அதிகம் கற்றுத்தருவதும் இதுதான்.

எங்கள் மன்றத்தில் ஒரு பெரியவர் ஆறு மாதம் வரை மேடையேற மறுத்தார். வற்புறுத்தாமல் அட்டைகளை மட்டும் கையில் கொடுத்தோம். முதல் நாள் பச்சை அட்டையைத் தூக்கும்போது கை நடுங்கியது. முடிவில் நேர அறிக்கை வாசித்தார். "முதல் பேச்சாளர் 6 நிமிடம் 40 விநாடி" என்று மூன்றே வரி. பிறகு அதே மூன்று வரியைக் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னார். போன மாதம் முழுக் கூட்டத்தையும் நின்று நடத்தினார்.

தவறு உறுப்பினர்கள் பக்கம் மட்டும் இல்லை. கேட்டால் மறுப்பார்களோ என்று தயங்கி, கெஞ்சுவதைவிட நாமே செய்துவிடுவது சுலபம் என்று நானும் பல கூட்டங்களில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதனாலேயே செயலாளர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வந்துவிட்டது. இப்போது 4 கூட்டங்களுக்கான பட்டியலை முன்கூட்டியே சுவரில் ஒட்டுகிறோம். அவரவர் பெயரை அவரவரே எழுத வேண்டும். வர முடியாதவர், மாற்று ஆளைத் தானே பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருபவர் முதல் பேச்சுக்கு முன் ஒரு முறையாவது நேரம் பார்க்க வேண்டும். கறாராகத் தெரியலாம். ஆனால் இந்த ஏற்பாடு வந்த பிறகு பேசாமல் யாரும் வீடு திரும்பவில்லை.

அடுத்த முறை பேச்சு மன்றங்களைப் பற்றி எழுதும்போது, மேடையில் நிற்பவரின் படத்தோடு, கடைசி வரிசையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் படத்தையும் தயவுசெய்து போடுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்து வந்த நால்வரில் இரண்டு பேர் வரும் கூட்டத்துக்குப் பெயர் எழுதிவிட்டார்கள். மற்ற இருவரிடம் இன்று மாலை பேசப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேச்சு மன்றத்தின் செயலாளர்