ஒரு நாள் வட்டியும் என் கடன் அறிக்கையும்

கொழும்பு 06
18.07.2025

முகாமையாளர்,
வீடமைப்புக் கடன் பிரிவு.

ஐயா,

முன்கூட்டித் தீர்த்த வீட்டுக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டப்படுவது தொடர்பாக

2019 மார்ச் முதல் 72 தவணைகளை ஒன்றும் தவறாமல் உங்கள் வங்கிக்குச் செலுத்தியவன் நான். கொவிட் காலத்தில்கூடச் சலுகை கேட்டு உங்கள் படியேறவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும், மாறும் வட்டியில் இருந்த என் தவணையும் எகிறியது. அன்றே முடிவு செய்தேன், கையில் காசு சேர்ந்தால் முதல் வேலை இந்தக் கடனை முடிப்பதுதான் என்று. ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்ததும் அதைச் செய்தேன்.

பெப்ரவரி 27 அன்று உங்கள் உத்தியோகத்தர் எழுதித் தந்த மீதி 1,840,000 ரூபாய். முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் 3 சதவீதம், அதாவது 55,200 ரூபாய். ஒப்பந்தத்தில் இருந்ததால் அதற்கு வாய் திறக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வேறு வங்கியின் காசோலையை அவர் கையிலேயே கொடுத்தேன். "எல்லாம் முடிந்துவிட்டது ஐயா" என்று கை குலுக்கி அனுப்பினார்.

முடியவில்லை. மனைவியின் தையற்கடையைப் பெரிதாக்க இம்மாதம் வேறொரு வங்கியில் கடன் கேட்டேன். ஜூலை 8 அன்று அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் பேனாவை வைத்துக் காட்டினார். உங்கள் கடன் நடைமுறையில் உள்ளது. நிலுவை 705 ரூபாய் 75 சதம். தாமதம் 130 நாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 சதவீதத்தில் அது சரியாக ஒரு நாள் வட்டி. காசோலை மாறிப் பணம் வரவானது 28ஆம் திகதி. மீதியோ 27ஆம் திகதி வரைக்கும் கணக்கிடப்பட்டது. காசோலை மாற ஒரு நாள் ஆகும் என்பது வங்கிக்காரருக்குத் தெரியாத விடயமா? பிறந்தநாளுக்கு வாழ்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். 705 ரூபாய் பாக்கி என்று ஒரு வரி அனுப்பவில்லை.

தொலைபேசியில் உங்கள் உத்தியோகத்தர் தந்த விளக்கம் இதைவிட விசித்திரம். கடனை முன்கூட்டி முடித்தால் கொடுப்பனவு வரலாறு நின்றுவிடுமாம், அதனால்தான் பிற வங்கிகள் தயங்குகின்றனவாம், உங்களிடமே ஒரு சிறு கடன் எடுத்து ஓட்டினால் சரியாகிவிடுமாம். கடன் மறுக்கப்பட்டது நான் முடித்ததாலா, நீங்கள் முடிக்காததாலா? அறிக்கையைத் திருப்பிக் காட்டிய அந்தப் பெண் சொன்னது வேறு: மாதத் தவணைச் சுமை இல்லாததால், அந்த ஒரு வரி மட்டும் இல்லாவிட்டால், நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே தந்திருப்பார்களாம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டை ஈடாக வைக்கலாம் என்று நொத்தாரிசை அனுப்பினால், காணிப் பதிவகத்தில் உங்கள் ஈடு இன்னும் அப்படியே பதிவில் இருக்கிறது. ஈட்டு விடுவிப்பு உறுதி எழுதப்படவே இல்லை. என் மூல உறுதியும் உங்கள் பெட்டகத்தில்தான்.

பணியகம் தானாக எதையும் திருத்தாது, தகவல் கொடுத்த வங்கிதான் திருத்த வேண்டும் என்று அறிந்தேன். ஆகவே அந்தத் தாமதப் பதிவைத் தவறென்று அறிவித்து நீக்குங்கள். நிலுவையைப் பூச்சியமாக்கினால் மட்டும் போதாது, 130 நாள் தாமதம் என்ற தழும்பு மிஞ்சும். ஈட்டை உங்கள் செலவில் விடுவித்து உறுதியைத் திருப்பித் தாருங்கள். தவறு யாருடையது என்று அடுத்த வங்கிக்குக் காட்டக்கூடிய கடிதம் ஒன்றும் வேண்டும். 14 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடுவேன்.

தண்ட வட்டியோடு 749 ரூபாய் என்று நேற்று உங்கள் கருமபீடத்தில் சொன்னார்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் செலுத்தினேன். அந்த ரசீதும், பெப்ரவரிக் கடிதத்தின் பிரதியும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் இன்னும் கடனாளி