உப்புத் தரையை விட்டுவைக்கலாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ரெயில்ரோடு பள்ளத்தாக்கில் லித்தியம் எடுப்பதற்கான தடையை நீக்கும் முயற்சி பற்றிய செய்தியைப் படித்தேன். 2023இல் அங்கே சுமார் 92 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சுரங்கத் தொழிலிலிருந்து விலக்கிவைத்தது சரியான முடிவே. சமதளமான அந்த வறண்ட ஏரிப்படுகையைக் கொண்டுதான் நாசா 1993 முதல் செயற்கைக்கோள் கருவிகளின் அளவீட்டைச் சரிபார்க்கிறது. தராசுக்கு முத்திரையிட்ட எடைக்கல் எப்படியோ, அப்படி. லித்தியத்துக்காக அடியிலுள்ள உப்புநீரை உறிஞ்சத் தொடங்கினால் அந்தச் சமதளம் குலைந்துபோகலாம்.

டோனோபாவிலிருந்து ஈலிக்கு 6ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒருமுறை காரில் சென்றபோது அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கிறேன். பெயரில்தான் ரயில், தண்டவாளம் எதுவும் கண்ணில் படவில்லை. மேயும் மாடுகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் பார்த்தேன். எண்ணெய் 1954இலேயே அங்கு கண்டெடுக்கப்பட்டது. ஆகவே, 'சும்மா கிடக்கும் நிலம்' என்ற வாதம் எடுபடாது. அதே மாநிலத்தின் கிளேட்டன் பள்ளத்தாக்கில் 1960களிலிருந்தே லித்தியம் எடுக்கப்படுகிறது. புதிய தேடலை அதுபோன்ற இடங்களுக்குத் திருப்பிவிட்டு, இந்தப் படுகைக்கான தடையை அப்படியே தொடர வேண்டும்.

- வாசகர் ஒருவர்