எங்கள் கோச்சுக்கும், அவரை எங்களிடம் கொண்டு சேர்த்தவர்களுக்கும்

வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில், ஏப்பெக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும், பிள்ளைகளின் பேஸ்பால் அணியோடு இந்த சீசன் முழுக்க மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியுமாக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் கோச் அடுத்த சீசனில் நம்மோடு இருக்கமாட்டார். ஒரு மைனர் லீக் அணியில், அதாவது மேஜர் லீகுக்கு ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் கீழ்நிலை அணியில், பந்து எறிபவர்களுக்குப் பயிற்சி தரும் பிட்சிங் கோச் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்புகிறார். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் கார்டைக் கொடுத்தாயிற்று. அதில் இடம் போதாமல் பாதிப் பேர் "தேங்க் யூ கோச்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது. அவருக்கு மட்டுமில்லை, இன்னும் சிலருக்கும்.

அவருடைய ஆட்டக் கணக்கை நம் அப்பாக்கள் முதல் வாரமே தேடி எடுத்துவிட்டார்கள். மைனர் லீக் வரிகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. அடிப்படியான ரூக்கியிலிருந்து மேலே சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ, மறுபடி இறங்கி டபுள் ஏ. நடுவில் மெக்சிகோ, குளிர்காலத்தில் வெனிசுவேலா, கடைசியில் எந்தப் பெரிய அணியோடும் ஒட்டாத அட்லாண்டிக் லீக். மேஜர் லீக் என்று ஒரே ஒரு வரி. "இவ்வளவுதானா?" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கியது எனக்குத் தெரியும்.

வால்டர் ஆல்ஸ்டன் 1936இல் மேஜர் லீகில் ஒரே ஒரு முறை பேட் பிடித்தார். அதிலும் ஸ்ட்ரைக் அவுட் ஆகி வெளியேறினார். அவர்தான் பிற்பாடு டாட்ஜர்ஸ் அணியை 23 ஆண்டுகள் நடத்தி நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்றவர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து மைனர் லீக் அணியான டர்ஹாம் புல்ஸுக்கு 2007 முதல் 2014 வரை மேனேஜராக இருந்த சார்லி மொன்டோயோ, மைனர் லீகில் ஆயிரத்துக்கும் மேல் ஆட்டம் ஆடியவர். மேஜர் லீகில் அவர் ஆடியது நான்கே ஆட்டம், 1993இல். அவரைத்தான் 2019 சீசனுக்கு மேஜர் லீக் அணியான டொரான்டோ ப்ளூ ஜேஸ் மேனேஜராக அழைத்துக்கொண்டது. டர்ஹாமுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒற்றை வரிக்கு உதட்டைப் பிதுக்கலாமா?

மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். நம் கோச் எடுக்கப்பட்டபோது அது ஐம்பது சுற்று. அதன் வால் பகுதியில் அவர் பெயர் வந்தது. இப்போது இருபது சுற்றுதான். இன்றைக்கென்றால் அவர் பெயரை யாரும் வாசித்தே இருக்கமாட்டார்கள். மேஜர் லீகில் மொத்தம் 43 நாள் பட்டியலில் இருந்துவிட்டால் ஓய்வூதியம் உண்டு, 1980இலிருந்து அப்படித்தான். கோச் அந்த 43ஐத் தொடவில்லை. எத்தனை நாள் குறைந்தது என்று நம் அப்பாக்களில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார் (பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்). கோச் கோபப்படவில்லை. "அந்தக் கழித்தல் கணக்கைப் போட வீட்டில் தடை" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆகவே என் முதல் நன்றி அந்தத் தடையைப் போட்ட அவர் மனைவிக்கு. நம் பிள்ளைகள் அவரை "ஆன்ட்டி" என்று கூப்பிட, முதலில் திகைத்தார், இப்போது திரும்பிப் பார்க்கிறார். டிரிபிள் ஏ ஆட்டக்காரருக்கே வாரம் ஏறக்குறைய 500 டாலர் கிடைத்த காலம் அது. அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தப் பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது. 2023இல்தான் மைனர் லீக்காரர்களுக்கு முதல் கூட்டு ஒப்பந்தம் வந்து, டிரிபிள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500இலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. கோச் ஆடி ஓய்ந்து நெடுநாள் கழித்து வந்த நல்ல காலம். நடுவில் குடும்பம் ஓடியது ஆன்ட்டியின் பல் மருத்துவமனை வேலையில். கணவர் அணி மாறும்போதெல்லாம் வீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, புது ஊரில் புது வேலை தேடியிருக்கிறார். விசா மாறும்போதெல்லாம் அப்படி ஊர் மாறிய நமக்கு அதன் களைப்பு தெரியும். நமக்காவது சம்பளம் ஒழுங்காக வந்தது.

அடுத்த நன்றி, நாம் பார்த்தே இராத ஒரு வயதான தம்பதிக்கு. ஆட்டக்காரர்களுக்குத் தங்குமிடம் தருவது அணிகளின் பொறுப்பானது 2022இல்தான். அதற்கு முன் பல ஊர்களில் உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து இந்தப் பையன்களை வைத்துக்கொண்டார்கள். டெக்சஸ் லீக் என்ற டபுள் ஏ லீகின் ஊர் ஒன்றில் நம் கோச்சுக்கு அப்படி ஒரு பின்னறை கிடைத்தது. ஆட்டம் முடிந்து நள்ளிரவில் வருபவருக்கு அந்த அம்மா சாப்பாட்டை மூடி வைத்திருப்பாராம். வாடகை வாங்கவில்லை. அணி ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். முழங்கை அறுவைக்குப் பிறகு ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று அவர் பெட்டி கட்டியதும் அந்த அறையில்தான். அந்தப் பெரியவர் வாதாடவில்லை, புத்தி சொல்லவில்லை. "நாளைக்கு நாயை யார் கூட்டிப்போவது?" என்று மட்டும் கேட்டாராம். அந்த நாய்க்கும் நன்றி.

அந்த அறுவையைப் பற்றி கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் கைகள் இன்று நன்றாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தால், உடலின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே பொருத்துவார்கள். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. இன்றைக்கும் அந்த ஆட்டக்காரர் பெயரிலேயே வழங்குகிறது. தேறிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

கோடையில் நடந்த அந்தக் காலிறுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். என் மகன் எறிந்துகொண்டிருந்தான். ஒரு ரன் முன்னிலை. கோச் நடந்துபோய்ப் பந்தை வாங்கிக்கொண்டார். பதினோரு, பன்னிரண்டு வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து வரை போகலாம் என்பது மேஜர் லீகும் யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014இல் கொண்டுவந்த வழிகாட்டி. அதே வழிகாட்டியில், 66ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. கோச் 65இல் நிறுத்தினார். அந்த ஆட்டம் தோற்றோம். கொட்டகை ஓரத்தில் முணுமுணுப்பு எழுந்தது, தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். கோச் வந்து சட்டைக் கையை மேலே ஏற்றி அந்தத் தழும்பைக் காட்டினார். "எனக்குப் பன்னிரண்டு வயதில் யாரும் எண்ணவில்லை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஸ்கோர் நோட்டில் பந்துக் கணக்கு எழுதும் வேலையை விடாமல் செய்த அந்தத் திண்டுக்கல் அப்பாவுக்கும் இங்கே நன்றி. கட்டம் போட்டு, இரண்டு நிறப் பேனாவில், தணிக்கை அதிகாரி தோற்பார்.

கை போன பிறகு கோச்சின் வேகம் திரும்பவில்லை. வேகம் இல்லாத பிட்சர் பிழைக்க வேண்டுமென்றால் ஏதாவது கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். விரல்களை வட்டமாக்கிப் பந்தைப் பிடித்து மெதுவாக எறியும் சேஞ்ச்அப்பை ஓர் ஊரில் கற்றார், தாழ்ந்து விழும் சிங்கரை இன்னோர் ஊரில். ஒவ்வோர் அணியிலும் ஒரு புது பிட்சிங் கோச், முந்தையவர் சொன்னதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்பவர். அப்படிப் பலரிடம் திட்டு வாங்கியதால்தான், ஒரே விஷயத்தை இவரால் ஐந்து விதமாகச் சொல்ல முடிந்தது. என் மகனுக்குச் சொன்னால் புரியாது, செய்து காட்ட வேண்டும். அவன் நண்பனுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டும். மூன்றாவது ஒருவனை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லா ஆசிரியருக்கும் செய்ய முடிவதில்லை.

நம் கிரிக்கெட் பழக்கங்களை அவர் பொறுத்துக்கொண்டதற்குத் தனியாக நன்றி. பந்தை அடித்துவிட்டு மட்டையோடு ஓடிய பிள்ளைகள், கோட்டுக்கு வெளியே ஃபவுல் போன பந்துக்கு "ஃபோர்!" என்று கத்திய தாத்தா, எல்லாம் பார்த்தார். சில பையன்களுக்குக் காலையில் கிரிக்கெட் அகாடமியில் முழங்கையை மடக்கக்கூடாது, சாயங்காலம் இவரிடம் வந்தால் மடக்கித்தான் எறிய வேண்டும். அவர்களைக் குழப்பாமல் இருக்க, ஒரு ஞாயிறு மோரிஸ்வில் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்குக்கே வந்து கிரிக்கெட் பார்த்தார். கையுறை இல்லாமல் கேட்ச் பிடிப்பதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆட்டமும் வகுப்பும் மோதிய வாரங்களில் பாடத்தை வேறு நாளில் சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டுப்பாடத்தை மட்டும் விடவில்லை, அதுவும் சரிதான். வெயிலில் நடந்த எல்லாப் போட்டிகளுக்கும் தயிர் சாதமும் மாவடுவும் கொண்டுவந்த பாட்டி இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். மாவடுவைத் தொட்டுப் பார்த்த கோச் அன்று குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. காலையில் எங்களுக்கு முன்பே வந்து சுண்ணாம்புக் கோடு போட்ட பூங்காத் துறை ஊழியர்களுக்கும், நம் அப்பாக்களின் கூச்சலுக்கு அசராமல் நின்ற பள்ளிக்கூட வயது அம்பயர்களுக்கும் நன்றி.

கோச், இதை உங்களுக்கு யாராவது படித்துச் சொல்வார்கள். புது வேலையிலும் உங்களிடம் வரப்போகிறவர்கள் கடைசிச் சுற்றுப் பையன்களாகத்தான் இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது வீட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால், இந்தப் பக்கம் ஆட வரும்போது எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். நாய் இல்லை, வாடகையும் இல்லை.

மற்றவர்களுக்கு: அவருடைய அணி நம் பக்கத்துக்கு ஆட வந்தால் எல்லோரும் சேர்ந்து போகிறோம். டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பணத்தை மட்டும் இந்த முறையாவது கேட்காமலே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
65 பந்தில் நிறுத்தப்பட்டவனின் அம்மா
கேரி, வட கரோலினா