"கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம்"

குற்றத் தடுப்புப் பயிற்சிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளியில் நீங்கள் நடத்திய பயிற்சியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு, படங்கள், அறிக்கை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. அதன் பிறகு நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அந்த அறிக்கையில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். பள்ளியின் பின்சுவரை ஒட்டிப் போகும் பாதையைப் பற்றிக் கேட்க எழுந்தாள். "கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம்மா" என்று பயிற்சியாளர் அன்பாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. இரண்டு மணி நேரத்தில் அத்தனை ஸ்லைடுகளையும் அவர் முடித்தாக வேண்டும். கடைசி வந்தபோது சான்றிதழ் கொடுக்கும் நேரமாகிவிட்டது. அவள் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அதே பாதையில் எங்கள் மாணவன் ஒருவனை இரண்டு பேர் அடித்துப் போட்டு, செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது. இரண்டு நாள் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. விளையாடும்போது விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "தனியா போகக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்க டீச்சர், நான் தனியா போயிட்டேன்" என்றான். அடித்தவர்களுக்கு இல்லாத குற்றவுணர்ச்சி அடிபட்ட பிள்ளைக்கு இருந்தது. அதை அவனுக்குக் கொடுத்தது நம்முடைய பயிற்சி. இதைச் சொல்லும்போது என் கோபத்தை மறைக்க நான் முயலவில்லை. நிதானமாகச் சொல்ல மட்டும் முயல்கிறேன்.

பிறகு அந்த மாணவியைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன கேட்க நினைத்தாய் என்று விசாரித்தேன். விளக்கு எரியாமல் பல வாரம் ஆகிறது என்றாள். சுவர் திரும்பும் இடத்தில் புதர் உயரமாக வளர்ந்து, அந்தப் பக்கம் நிற்பவர்களை மறைக்கிறது என்றாள். விளையாட்டுப் பயிற்சி இருக்கும் நாட்களில் பெரிய மாணவர்கள் கூட்டமாக அந்த வழியாக வருவார்கள், மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு மேல் அங்கே ஆளே இருக்காது என்றாள். அங்கே வந்து உட்காரும் இரண்டு பேர் அப்படி ஆளில்லாத நாட்களில்தான் வருகிறார்கள் என்பதையும் கவனித்து வைத்திருந்தாள்.

குற்றம் செய்யத் துணிந்தவன், அவன் கைக்கு எட்டும் இலக்கு, தடுக்க ஆளில்லாத நிலை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேரும்போதுதான் குற்றம் நடக்கிறது என்று 1979-இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் எழுதினார்கள். உங்கள் ஸ்லைடிலும் இந்த மூன்றும் இருந்தன. அவளுக்கு அந்த மூன்றும் நாள், நேரத்தோடு தெரிந்திருந்தன.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். காவலர்கள், பள்ளி, சுற்றிக் குடியிருப்பவர்கள் மூன்று தரப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். அரங்கத்தில் வேண்டாம், பயம் இருக்கும் இடத்திலேயே கொடுங்கள். கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பி வாருங்கள்.

இப்போது மூவருக்கும் தனித்தனியாக நடக்கிறது. என்ன ஆயிற்று பாருங்கள். விளக்கு எரியவில்லை என்று குடியிருப்பவர்கள் முன்பே மனு கொடுத்திருக்கிறார்கள். அதே பாதையில் செல்போன் பறித்ததாகக் காவல் நிலையத்துக்கு ஏற்கெனவே இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. எங்களிடம் அந்த மாணவி இருந்தாள். யாருக்கும் மற்றவரிடம் இருப்பது தெரியவில்லை. ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் புகார்களைத் தனித்தனிச் சம்பவமாக முடித்து வைக்காமல் ஒரே பிரச்சினையாக ஆராய வேண்டும் என்று காவல்துறையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டெய்னும் அதே 1979-இல்தான் சொன்னார்.

இது நடைமுறைக்கு ஆகாத கனவு அல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் வீடு புகுந்து திருடுவது மிக அதிகமாக இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்களிடமும், அக்கம்பக்கத்தவரிடமும், பிடிபட்ட திருடர்களிடமும்கூடப் போய்க் கேட்டார்கள். ஒருமுறை திருடிய வீட்டிலேயே மறுபடி திருடுகிறார்கள் என்பதும், மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் வீட்டிலேயே காசு போடும் மீட்டர் பெட்டிகள் அவர்களை இழுக்கின்றன என்பதும் தெரியவந்தது. பெட்டிகளை அகற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டாரையே அதைக் கவனித்துக்கொள்ள வைத்தார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. கேட்டதால் கிடைத்த பலன் அது.

நாம் பிள்ளைகளிடம் கேட்பதற்குப் பதிலாக அவர்களைப் பயமுறுத்துகிறோம். அன்று காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிலர் இரவு தூங்கவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். தடம் மாறக்கூடிய இளைஞர்களைச் சிறைக்கு அழைத்துப் போய், கைதிகளைக் கொண்டு மிரட்ட வைக்கும் திட்டங்கள் 1970-களில் அமெரிக்காவில் பரவின. பின்னாளில் அவற்றின் சோதனை முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, போய் வந்தவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றங்களில் இறங்கியது தெரிந்தது. பயம் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அதே ஸ்லைடு, அதே வீடியோ, அதே அறிவுரை. தனியாகப் போகாதே, இருட்டில் போகாதே, செல்போனை வெளியே எடுக்காதே. எல்லாமே பிள்ளைகள் செய்யக் கூடாதவை. விளக்கைப் பழுதுபார்க்க வேண்டியவர், புதரை வெட்ட வேண்டியவர், ஐந்து மணிக்கு ரோந்து வர வேண்டியவர் என்று பெரியவர்கள் யாருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று அறிக்கை சொல்கிறது. எந்த இடம் மாறியது என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

வார்த்தை சற்று நீண்டுவிட்டது, மன்னிக்கவும். உங்களிலும் இதற்காக உண்மையாக உழைப்பவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆட்பற்றாக்குறையும் தெரியும். புதிதாக ஆட்களையோ பணத்தையோ நான் கேட்கவில்லை. வருகிற இரண்டு மணி நேரத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மூன்று தரப்பையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், அந்த இடத்துக்கே வாருங்கள், மூன்று மாதத்தில் திரும்பவும் வாருங்கள்.

எந்த நாள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பின்வாசலைத் திறந்து வைக்கிறோம். அந்த மாணவியின் பெற்றோரிடம் பேசிவிட்டேன். அவர்களும் கூட வருவார்கள். அவள் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த முறை அதை முதலில் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை